அடுக்களையும் அரங்கமும்: ஆப்பிரிக்கான்ஸ் மேடை நடிகை சாண்ட்ரா பிரின்ஸ்லூவின் நடிப்பு வாழ்வு

முன்னுரை

நடிகர் ஒருவரைப் பற்றித் திறனாய்வு எழுத முற்படுவோர்க்குத் தொடக்கத்திலேயே ஒரு தடை எதிர்ப்படுகிறது. கவிஞர்க்குப் பனுவல் எஞ்சுகிறது. சிற்பிக்குக் கல் எஞ்சுகிறது. மேடை நடிகர்க்கோ திரை விழுந்த பின் பார்த்தவர் நினைவன்றி வேறொன்றும் எஞ்சுவதில்லை. இதனால் நடிகர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பாராட்டுரைத் தொகுப்பாகவோ, பரபரப்பான ஒரு நிகழ்ச்சியின் வரலாறாகவோ அமைந்துவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் நடிகை சாண்ட்ரா பிரின்ஸ்லூவுக்கு நேர்ந்தது இரண்டாவது. 1985ஆம் ஆண்டு கேப் டவுன் நகரில், 'மிஸ் ஜூலி' நாடகத்தில், கறுப்பின நடிகர் ஜான் கானியை அவர் முத்தமிட்ட காட்சியே அவரைப் பற்றிய குறிப்புகள் பலவற்றின் நடுப்புள்ளியாக நிற்கிறது.

அந்நிகழ்ச்சியின் முக்கியத்துவத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயின் அதனைத் தனித்த துணிச்சற் செயலாகக் கொள்ளாமல், நீண்டதொரு நடிப்பு வாழ்வின் நடுவில் வைத்துக் காண முற்படுகிறது. ஒரு நடிகை எந்தப் பாத்திரங்களை ஏற்றார், அப்பாத்திரங்கள் எவ்விடத்தில் நின்று, எம்மொழியில் பேசின என்பதும் ஒரு பனுவலாகவே வாசிக்கத்தக்கது. அவ்வாறு வாசிக்கும்போது, 'அடுக்களை மொழி' என இகழப்பட்டுப் பின்னர் அதிகாரத்தின் மொழியாக உயர்ந்த ஆப்பிரிக்கான்ஸை, பிரின்ஸ்லூவின் நடிப்பு மீண்டும் வீட்டின் உள்ளறைக்கே அழைத்துச் சென்று, அங்கு மறைக்கப்பட்டவற்றைப் பேசவைத்தது என்பது புலனாகும். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். இதனை நிறுவ, அவர் ஏற்ற பாத்திரங்களுள் நான்கு மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

அடுக்களை மொழியின் வரலாறு

ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் பிறப்பை அறியாமல் அம்மொழி நடிகை ஒருவரின் இடத்தை அறிதல் அரிது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தது. அங்குப் பேசப்பட்ட டச்சு மொழி, ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் நாவிலும், கொய்கொய் மக்கள் நாவிலும் புழங்கித் திரிந்தது. அத்திரிபே ஆப்பிரிக்கான்ஸ். ஆண்டையின் வீட்டில் சமைத்தவர்களும் குழந்தை வளர்த்தவர்களும் அதன் உருவாக்கத்தில் பங்குகொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேப் முஸ்லிம்கள் இம்மொழியை அரபு எழுத்தில் எழுதினர் என்பது, இம்மொழி வெள்ளையரின் தனியுடைமை என்ற பிற்காலக் கூற்றைத் தகர்க்கப் போதுமான சான்றாகும்.

தமிழாய்வாளர்க்கு இங்கு நேரிய தொடர்பு ஒன்றும் உண்டு. கம்பெனிக்குக் கோரமண்டலக் கரையில் பழவேற்காடு முதலிய இடங்களில் நிலையங்கள் இருந்தன. முனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளுள் இக்கரையினரும் இருந்தனர். ஆப்பிரிக்கான்ஸில் படுக்கையைக் குறிக்கும் 'காட்டல்' என்னும் சொல், போர்ச்சுக்கீசியத்தின் வழியாகச் சென்ற நம் 'கட்டில்' என்பதே எனச் சொற்பிறப்பு அகராதிகள் காட்டுகின்றன. 'கெரி' என்பது நம் கறி. படுக்கையறைக்கும் அடுக்களைக்கும் உரிய சொற்களாகவே இவை எஞ்சியிருப்பது கருதத்தக்கது.

டச்சு மொழியும் ஆங்கிலமும் கற்றோர் இதனை 'அடுக்களை மொழி' என எள்ளினர். 1875இல் பார்ல் நகரில் தோன்றிய மொழிச் சங்கம் அவ்விகழ்ச்சிக்கு எதிராக எழுந்தது. 1925இல் ஆப்பிரிக்கான்ஸ் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. அதே காலப் பகுதியில் தொழில்முறை ஆப்பிரிக்கான்ஸ் நாடகக் குழுக்களும் ஊர் ஊராகச் சென்று நடிக்கத் தொடங்கின. 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் இம்மொழி இனஒதுக்கல் சட்டங்களின் மொழியாயிற்று. 1974இல் கறுப்பினப் பள்ளிகளில் பாடங்களுள் ஒரு பாதியை ஆப்பிரிக்கான்ஸில் கற்பிக்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் அதற்கெதிராகத் தெருவில் இறங்கினர். அன்று தொடங்கிய எழுச்சியில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். இகழப்பட்ட மொழி ஒன்று, நூறாண்டுக்குள் இகழும் மொழியாக மாறிய வரலாறு இது.

அரசு மேடையும் புறநகர்க் கொல்லையும்

1947ஆம் ஆண்டு பிறந்த பிரின்ஸ்லூ பிரிட்டோரியாப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். அவர் மேடையேறிய காலத்தில் தென்னாப்பிரிக்க நாடகத்தின் புரவலர் அரசே. 1960களின் தொடக்கத்தில் நான்கு மாகாணங்களுக்கும் நான்கு நிகழ்த்துகலை மன்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் டிரான்ஸ்வால் மன்றத்தின் நாடகங்களில் பிரின்ஸ்லூ நடித்தார். நிலையான ஊதியமும் தேர்ந்த இயக்குநர்களும் ஐரோப்பியச் செவ்வியல் நாடகங்களும் அங்கு வாய்த்தன. ஆனால் 1965ஆம் ஆண்டு ஆணையின்படி, தனி அனுமதியின்றி வெவ்வேறு இனத்தவர் ஒரே அரங்கில் அமரவோ ஒரே மேடையில் நடிக்கவோ இயலாது. அவர் கலை வளர்ந்த நாற்றங்கால் வேலியிடப்பட்ட நிலம் என்பதை மறைத்து அவரைப் போற்றுவது திறனாய்வாகாது.

இருப்பினும் அவ்வேலிக்குள்ளேயே ஒரு முரண் முளைத்தது. பி. ஜி. டு பிளெஸ்ஸியின் 'புறநகரில் ஒரு குறிகாரன்' என்னும் பொருள்படும் நாடகம் 1971இல் மேடையேறியது. 1973இல் அதன் திரைவடிவத்தில் பிரின்ஸ்லூ டீமி என்னும் இளம்பெண்ணாக நடித்தார். ஜொகன்னஸ்பர்க்கின் தெற்குப் புறநகரில், பழுதான வண்டிகள் கிடக்கும் கொல்லைப்புறத்தில் நிகழும் கதை இது. பேச்சில் ஆங்கிலம் விரவிய கொச்சை ஆப்பிரிக்கான்ஸ் ஒலிக்கிறது. பள்ளிப் பாடநூல்களின் தூய மொழிக்கும், சட்டமன்றத்தின் மிடுக்கு மொழிக்கும் இங்கே இடமில்லை. அக்கொல்லையிலிருந்து தப்பி மேலான வாழ்வொன்றை அடைய விழையும் டீமி, தன்னைக் கருவுறச் செய்த காதலன் கையாலேயே மடிகிறாள்.

ஆளும் இனம் என்று தன்னை எண்ணிக்கொண்ட சமூகத்தின் வீட்டுக்குள் வறுமையும் வன்முறையும் பெண்கொலையும் உண்டு என்பதை அச்சமூகத்தின் மொழியிலேயே இந்நாடகம் கூறிற்று. எனினும் கொல்லைக்கு அப்பால் வாழ்ந்த கறுப்பின மக்களின் துயரம் அதில் இடம்பெறவில்லை. பிரின்ஸ்லூவின் தொடக்கக் காலக் கலைக்கும் இவ்வெல்லை உண்டு. 1980இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய 'தி காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி' திரைப்படத்தில் அவர் ஏற்ற கேட் தாம்சன் என்னும் ஆசிரியைப் பாத்திரமும் இவ்வெல்லையைக் கடக்கவில்லை. சான் மக்களை வரலாறற்ற வெள்ளந்திகளாகக் காட்டியது என்ற கண்டனத்திற்கு அப்படம் உள்ளானது. உலகம் அவரை அறிந்தது அப்படத்தால்; அவர் கலையை அறிவதற்கோ மேடைக்குத்தான் திரும்ப வேண்டியுள்ளது.

1985: பிரபுவின் அடுக்களை

சுவீடன் நாடகாசிரியர் ஆகஸ்ட் ஸ்டிரின்ட்பெர்க் 1888இல் எழுதிய 'மிஸ் ஜூலி' முழுவதும் ஓர் அடுக்களையில் நிகழ்கிறது. கோடைத் திருவிழா இரவில், பிரபுவின் மகள் ஜூலி வேலைக்காரர்கள் இருக்கும் அடுக்களைக்கு இறங்கி வருகிறாள். ஏவலாள் ஷானுடன் அவளுக்கு உறவு நேர்கிறது. விடியலில் அவள் சவரக்கத்தியுடன் வெளியேறுவதோடு நாடகம் முடிகிறது. பிரபு ஒருமுறையும் மேடைக்கு வருவதில்லை. அவருடைய காலணிகளும் அழைப்பு மணியும் மட்டுமே அங்குள்ளன. மணி ஒலித்தவுடன், அதுவரை ஆண்மிடுக்குடன் பேசிய ஷான் மீண்டும் ஏவலாளாகச் சுருங்கிவிடுகிறான்.

பாபி ஹீனி இயக்கத்தில் கேப் டவுனின் பாக்ஸ்டர் அரங்கில் இந்நாடகம் 1985இல் நிகழ்ந்தது. 1977இல் திறக்கப்பட்ட அவ்வரங்கு கேப் டவுன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. ஜூலியாகப் பிரின்ஸ்லூவும், ஷானாக ஜான் கானியும், சமையற்காரி கிறிஸ்டினாக நேட்டி ரூலாவும் நடித்தனர். கானி, 'சிஸ்வே பான்சி இஸ் டெட்', 'தி ஐலண்ட்' ஆகிய நாடகங்களின் வழி உலகப் புகழ்பெற்று, 1975இல் வின்ஸ்டன் என்ட்ஷோனாவுடன் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டவர். எனவே மேடையில் சந்தித்தவர்கள் இருவர் மட்டும் அல்லர். அரசு மன்றத்தில் வளர்ந்த ஆப்பிரிக்கான்ஸ் நாடகமும், கறுப்பினக் குடியிருப்பில் வளர்ந்த எதிர்ப்பு நாடகமும் அங்குச் சந்தித்தன.

வெள்ளைப் பெண்ணும் கறுப்பு ஆணும் தழுவிய காட்சியில் பார்வையாளருள் ஒரு பகுதியினர் எழுந்து வெளியேறினர், கண்டனங்கள் குவிந்தன. வெவ்வேறு இனத்தவர் இடையே பாலுறவையும் திருமணத்தையும் தடுத்த சட்டங்கள் நீக்கப்பட்டதும் அதே 1985இல்தான். சட்டநூலிலிருந்து ஒரு விலக்கை நீக்க நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்புப் போதும். பார்வையாளர் உடம்பில் படிந்த விலக்கு அவ்வாறு நீங்காது என்பதை எழுந்து சென்றோர் காட்டினர். நாடகத்தின் ஒருங்கமைப்பையே இது மாற்றிவிட்டது. ஸ்டிரின்ட்பெர்க்கில் பிரபு மேடைக்கு வெளியே இருந்தார். பாக்ஸ்டரிலோ அவர் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருந்தார். ஷானை அஞ்சவைத்த மணியின் வேலையை, நாற்காலிகள் மடங்கும் ஓசை செய்தது.

இங்குத் திறனாய்வாளர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மொழி. அந்நாடகம் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. கானியின் தாய்மொழி ஷோசா. பிரின்ஸ்லூவின் தாய்மொழி ஆப்பிரிக்கான்ஸ். இருவரும் தம் தாய்மொழியை வெளியே வைத்துவிட்டு மூன்றாம் மொழி ஒன்றில் சந்தித்தனர். தம் சமூகத்தின் மிகக் கடுமையான விலக்கை மீறுவதற்குப் பிரின்ஸ்லூவுக்கு அச்சமூகத்தின் மொழி அன்று இடங்கொடுக்கவில்லை என்றே இதனைப் பொருள்கொள்ளலாம். அவருடைய பிற்கால மேடையை நோக்கும்போது, இவ்விடைவெளி நிரப்பப்பட வேண்டிய கடனாக நின்றது புரியும்.

இரண்டாவது, கிறிஸ்டின். முத்தத்தைப் பற்றி எழுதியோர் பலரும் அடுக்களையில் உறங்கி விழும் அச்சமையற்காரியை மறந்துவிடுகின்றனர். இத்தயாரிப்பில் அவளும் கறுப்பினப் பெண். ஜூலிக்கு அடுக்களை ஓரிரவு இறங்கிவந்து பார்க்கும் இடம். கிறிஸ்டினுக்கோ வாழ்நாள் முழுவதும் நின்று உழைக்கும் இடம். தென்னாப்பிரிக்க வெள்ளையர் வீடுகளில் கறுப்பினப் பெண்கள் பணிசெய்த அடுக்களைகளை அறிந்த பார்வையாளர்க்கு, அவள் உறக்கம் வெறும் நாடக உத்தியாகத் தோன்றியிருக்க இயலாது. ஆகவே இந்நாடகத்தின் அரசியல் முத்தத்தில் மட்டும் இல்லை. அம்முத்தத்தின் விலையை யார் கொடுக்க வேண்டும் என்னும் வினாவிலும் இருக்கிறது.

தனியாள் மேடை

1994இன் ஆட்சிமாற்றத்திற்குப் பின், பழைய நிகழ்த்துகலை மன்றங்களுக்கு வழங்கப்பட்ட அரசுநிதி படிப்படியாகக் குறைந்து, அவற்றின் நிலையான நடிகர் குழுக்கள் கலைந்தன. 1996ஆம் ஆண்டு அரசமைப்பு பதினொரு மொழிகளுக்கு ஆட்சித்தகுதி அளித்தது. ஆப்பிரிக்கான்ஸ் அவற்றுள் ஒன்றாயிற்று. அரசு மேடையை இழந்த ஆப்பிரிக்கான்ஸ் நாடகம் கலைவிழாக்களை நாடியது. 1995இல் அவுட்ஸ்ஹூர்ன் நகரில் தொடங்கிய கிளைன் காரூ விழா அவற்றுள் முதன்மையானது. பள்ளிக் கூடங்களிலும் தற்காலிக அரங்குகளிலும் நடக்கும் இவ்விழாக்களுக்கு ஏற்ற வடிவம், ஒரு நடிகரும் சில பொருள்களும் போதுமான தனியாள் நாடகம். பொருளியல் நெருக்கடியே இவ்வடிவத்திற்கு வழிகோலியது. ஆயின் அதிலிருந்துதான் பிரின்ஸ்லூவின் முதிர்ந்த கலை பிறந்தது.

2000களின் இறுதியில் ராஷல் கிரேஃப் எழுதி ஹென்னி வான் கிருனன் இயக்கிய 'தையல் இயந்திரம்' என்னும் நாடகத்தை அவர் மேடையேற்றினார். பின்னர் அதனை ஆப்பிரிக்கான்ஸிலும் ஆங்கிலத்திலும் ஆண்டுக்கணக்கில் நடித்தார். முதியோர் இல்லத்தில் வாழும், எண்பது வயது கடந்த மாக்டலீன், தன் வாழ்நாள் துணையாகிய தையல் இயந்திரத்தைப் பிரிய வேண்டிய வேளையில் தன் கதையைச் சொல்கிறாள். இங்கே பெருவீடு இல்லை, கணவனின் அதிகாரம் இல்லை, ஏவலர் இல்லை. ஓர் அறையும் ஓர் இயந்திரமும் உள்ளன. தான் வாழ்ந்த காலத்தையும் அக்காலத்தில் தன் வீட்டுக்குள் நிகழ்ந்தவற்றையும் அம்முதியவள் எடுத்துப் பிரித்துப் பார்க்கிறாள். ஆட்சிமொழியாக ஆணையிட்ட ஆப்பிரிக்கான்ஸ், இங்கு ஒரு கிழவியின் வாயில் கணக்குக் கேட்கும் மொழியாகிறது. 1985இல் ஆங்கிலத்திடம் ஒப்படைத்த வேலையைத் தாய்மொழியிடம் திரும்பக் கொடுத்தார் பிரின்ஸ்லூ எனலாம்.

2020களின் தொடக்கத்தில், எழுபது வயதைக் கடந்த நிலையில், லாரா ஃபுட் இயக்கத்தில் அவர் நடித்த 'காம்ப்ஹூர்' இப்பாதையின் அடுத்த படி. தலைப்பின் பொருள் 'முகாம் பரத்தை'. ஃபிரான்ஸ்வா ஸ்மித் 2014இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது இது. 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டிஷ் படை அமைத்த முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். கறுப்பின மக்களுக்கான தனி முகாம்களில் மாண்டோர் 14,000க்குக் குறையார். முன்னோர்க்கு 1913இல் புளூம்ஃபொன்டைனில் நினைவுத்தூண் எழுந்தது. பின்னோர் நெடுங்காலம் நினைவுகூரப்படவில்லை. துயருற்ற தாய் என்னும் அத்தூணின் படிமம் ஆப்பிரிக்கானர் தேசியத்தின் ஊற்றுகளுள் ஒன்றாயிற்று.

'காம்ப்ஹூர்' அப்படிமத்தின் அடியில் மறைந்ததைக் கூறுகிறது. வின்பர்க் முகாமில் இருந்த சூசன் நெல் என்னும் இளம்பெண், பிரிட்டிஷ் அதிகாரிகளாலும் அவர்களுடன் சேர்ந்த தன்னினத்தான் ஒருவனாலும் வன்புணரப்பட்டுப் பிணமென எறியப்படுகிறாள். அவளைக் காத்து உயிர்ப்பிப்போர் ஒரு சோத்தோ இணையர். பின்னாளில் ஐரோப்பாவில் செவிலியாகப் பணிபுரியும் அவள், முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேய மருத்துவமனை ஒன்றில், தன்னைச் சிதைத்தவனை நோயாளியாகக் காண்கிறாள். வன்புணர்வில் தன்னினத்தானும் பங்குகொண்டான், உயிர்தந்தவர் கறுப்பினத்தவர். இவ்விரண்டு செய்திகளையும் நினைவுத்தூணின் கதை தாங்காது. ஒற்றை நடிகையின் குரல் அவற்றைத் தாங்குகிறது. மூப்புற்ற உடல் ஒன்று இளம்பெண்ணின் கொடுங்காலத்தைச் சொல்லும்போது, பார்வையாளர் காண்பது நிகழ்ச்சியை அன்று, அந்நிகழ்ச்சியைச் சுமந்துவந்த ஆண்டுகளை.

எல்லைகள்

இக்கருதுகோளுக்கு எதிராக ஒரு வலுவான தடை எழுப்பப்படலாம். டீமி, ஜூலி, மாக்டலீன், சூசன் நெல் ஆகிய நால்வரும் வெள்ளைப் பெண்களே. இன்று ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோரில் பெரும்பான்மையோர் வெள்ளையர் அல்லர். அம்மொழியின் உண்மையான அடுக்களையில் நின்றோர் அவர்களின் மூதாதையரே. அவர்களின் பேச்சு ஆடம் ஸ்மாலின் 'கன்னா ஹெய் கோ ஹெய்ஸ்டூ' (1965) முதலிய நாடகங்களில் வேறொரு வலிமையுடன் ஒலித்தது. வெள்ளைப் பெண்ணின் தன்னாய்வு எத்துணை நேர்மையானதாயினும், அது அடுக்களைக்கு இறங்கிவந்தவளின் பேச்சே. அங்கேயே நின்றவளின் பேச்சன்று என்பது அத்தடையின் சாரம்.

இத்தடையை ஏற்பதே முறை. பாக்ஸ்டர் மேடையில் கிறிஸ்டின் பேசாது விட்டதைப் பிரின்ஸ்லூவின் தனியாள் நாடகங்கள் பேசிவிட்டன என்று கூறவியலாது. கூறக்கூடியது இவ்வளவே: தனக்கு உரிமையில்லாத குரலை அவர் கவர்ந்துகொள்ளவில்லை. தன் வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகாட்டினார்.

முடிவுரை

தாய்மொழியைத் தெய்வமாகப் போற்றும் மரபில் பயின்ற நமக்கு, ஒரு தாய்மொழி தவறிழைக்கவும் கூடுமா என்ற வினா எளிதில் எழுவதில்லை. ஆப்பிரிக்கான்ஸ் அவ்வினாவை எழுப்புகிறது. தவறிழைத்த மொழியில் பிறந்த கலைஞர் அதனைத் துறந்து வேறு மொழிக்குப் போய்விடலாம். அல்லது பழம்பெருமை பேசி அதற்குக் காவல் நிற்கலாம். பிரின்ஸ்லூவின் நடிப்பு வாழ்வு மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. அது ஒருமுறை மொழியைவிட்டு வெளியே சென்று, அங்குக் கற்ற துணிவுடன் திரும்பிவந்து, அம்மொழி சொல்ல அஞ்சியதை அம்மொழியிலேயே சொல்வது.

முத்தமும் வெளிநடப்பும் ஓரிரவின் நிகழ்ச்சிகள். புறநகர்க் கொல்லை, பிரபுவின் அடுக்களை, முதியோர் இல்லத்து அறை, போர்க்கால முகாம் என்னும் நான்கு இடங்களும் சேர்ந்தே பிரின்ஸ்லூவின் கலையாகின்றன. அவற்றைச் சேர்த்து வாசிக்கும்போதுதான் அந்த ஓரிரவும் தன் முழுப் பொருளைப் பெறுகிறது.